பத்து கிலோமீட்டர் முகாம்

காட்டுப்பாக்கத்திலிருந்து செம்பரம்பாக்கம் பத்து கிலோமீட்டர் இருக்கும். பூந்தமல்லியில் நெரிசல் இல்லாத நாளில் அரை மணி நேரம். அதற்கு அம்மா கட்டிய மூட்டையைப் பார்த்தவர்கள் பையன் காசிக்குக் கிளம்பிவிட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஜமுக்காளம், போர்வை, கொசுவத்தி இரண்டு பாக்கெட், எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, காய்ச்சலுக்கு மாத்திரை, வயிற்றுக்கு மாத்திரை. நான் அப்போது பிளஸ் ஒன். 2016ஆம் வருடம், காலாண்டுத் தேர்வு லீவு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) ஏழு நாள் சிறப்பு முகாம்.

அந்தத் திட்டம் காந்தி நூற்றாண்டின்போது, 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. பிறகுதான் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை, இரண்டு வருடத்தில் 240, கூடவே ஒரு முகாம். இதெல்லாம் என்.எஸ்.எஸ். சார் முதல் நாளே ஒப்பித்துக்காட்டியது. எங்களில் பாதிப் பேர் சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்கள். மீதிப் பாதி, வீட்டில் இல்லாமல் ஏழு நாள் இருக்கலாம் என்பதற்காக. சேவை செய்யத் துடித்தவன் என்று எவனும் எனக்கு நினைவில் இல்லை.

முகாமுக்குத் தலைக்கு 450 ரூபாய், ஐம்பது பேருக்கு 22,500 என்று அரசு கொடுத்தது. ஏழு நாள் சாப்பாடும் அதில்தான். சார் காமர்ஸ் வாத்தியார். ஒரு நோட்டில் கோடு போட்டு, உருளைக்கிழங்கு கிலோ விலையைக்கூட ஐம்பது காசு விடாமல் எழுதிவைப்பார். அவர் வகுப்பில் புரியாத பேரேடு எனக்கு அந்த நோட்டைப் பார்த்துத்தான் புரிந்தது.

‘கிராமத்துக்குப் போகிறோம்’ என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அப்போது காட்டுப்பாக்கமே கிராம ஊராட்சிதான், அதுவும் பூந்தமல்லி ஒன்றியத்திலேயே. அடுக்குமாடிகளும் ஏ.டி.எம்.மும் நகைக்கடையும் இருந்தாலும் காகிதத்தில் கிராமம். ஆக, ஓர் ஊராட்சியிலிருந்து அதே ஒன்றியத்து இன்னோர் ஊராட்சிக்கு, கிராமப்புறத்தைப் பார்க்க ஐம்பது பேர் புறப்பட்டோம். காட்டுப்பாக்கம் என்ற பெயரிலும் எங்களுக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. பொத்தேரி பக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிற இன்னொரு காட்டுப்பாக்கம்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். “மாட்டுப் பண்ணை இருக்கே, அந்த ஊரா?” என்பார்கள். எங்கள் ஊரில் காடும் இல்லை, பண்ணையும் இல்லை.

வேன் மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் மேற்கே திரும்பியது. தினமும் பார்க்கிற பெயர்ப்பலகைகள்தான். ஆனால் ஜன்னலோரம் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு படித்தபோது வேறு மாதிரி இருந்தன. பின்னால் விட்டுவந்தது அய்யப்பன்தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி. முன்னால் குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்குமிடம். பிறகு, காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டு போன திருக்கச்சி நம்பி பிறந்த பூந்தமல்லி. ஏரி, சத்திரம், பூந்தோட்டம் என்று ஒரு பழைய பயணப் பாதையே பலகைகளில் இருந்தது. தரையில் இருந்தது ஷேர் ஆட்டோ. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி, குயின்ஸ்லேண்ட் பூங்காவின் ராட்டினம் கண்ணில் பட்டதும் வேனே எழுந்து நின்று கத்தியது. டிரைவர் வேகத்தைக் கூட்டினார். சார் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஏரியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், நடுநிலைப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகள் எங்களுக்கு. பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு ஜமுக்காளம் விரித்தோம். காலை ஐந்தரைக்கு விசில். பல்விளக்கிக்கொண்டே கைப்பம்புக்கு வரிசை. எதற்கெடுத்தாலும் என்.எஸ்.எஸ். கைதட்டல்; உப்புமா நன்றாக இருந்தாலும் அதே கைதட்டல், தீய்ந்துபோனாலும் அதே கைதட்டல். ஊர்ச் சுவர்களெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்துக் கட்சிகளால் ‘ரிசர்வ்’ செய்யப்பட்டிருந்தன. உள்ளாட்சித் தேர்தல் அறிவித்திருந்த நேரம். முதல்வர் ஜெயலலிதா செப்டம்பர் 22ஆம் தேதி அப்போலோவில் சேர்க்கப்பட்டிருந்தார், டீக்கடையில் டி.வி. ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்களிடம் செல்போன் இல்லை. செய்தி கேட்கிற சாக்கில் டீக்கடைக்குப் போய் பஜ்ஜி தின்றோம்.

இரண்டாம் நாள் வீடுவீடாகக் கணக்கெடுப்பு. இருவருக்கு ஒரு படிவம். வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, படிப்பை நிறுத்திய பிள்ளைகள் உண்டா, குடிநீர் எங்கிருந்து. ஐந்தாவது வீட்டில் ஓர் அக்கா வாசலில் அரிவாள்மனையைப் போட்டுக் கெண்டை மீன் அரிந்துகொண்டிருந்தார். சாம்பலைத் தொட்டுத் தொட்டு, வழுக்கும் மீனை அழுத்திப் பிடித்துச் செதிலை உரசினார். செதில் என் படிவத்தில் வந்து ஒட்டியது.

“குடிக்கிற தண்ணி எங்கருந்துக்கா?”

“மீனு ஏரில. தண்ணி கேன்ல. எழுதிக்கோ.”

கூட வந்தவன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை.

“ஏரித் தண்ணி இல்லியாக்கா?”

“அது உங்களுக்கு, தம்பி. பைப்புல மெட்ராஸுக்குப் போயிக்கினு இருக்குது. நீங்க எந்த ஊரு?”

“காட்டுப்பாக்கம்.”

“உங்கூட்ல இன்னா தண்ணி?”

“கேன்தான்க்கா.”

இப்போது அவர் சிரித்தார். அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டு, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்போ யாருதான் அத்த குடிக்கிறாங்க?” என்றார்.

படிவத்தில் குழாய், கிணறு, கைப்பம்பு, மற்றவை என்று நான்கு கட்டங்கள். ‘மற்றவை’யில் டிக் போட்டேன். அந்த ஊரில் பாதி வீடுகளுக்கு அதே டிக்தான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற நிலையம் 2007இலிருந்து ஓடுகிறது. ஊருக்குக் குழாய் வரும் என்று யாரோ எப்போதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சேவை செய்ய வந்தவர்கள் நாங்கள் என்று பேனர் சொன்னது. ‘நான் அல்ல, நீ’ என்று பொருள்படுகிற வாசகம் அதில் பெரிதாக இருந்தது. அந்த அக்கா கேட்டபிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம், இதில் நான் யார், நீ யார் என்று எனக்குக் குழப்பமாகிவிடும். இவர்கள் ஏரியைக் கொடுத்தவர்கள்; நாங்கள் படிவம் கொடுத்தவர்கள்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சீமைக்கருவேலம் வெட்டினோம். ஊர்த் தாங்கலின் கரை முழுக்க முள். வெட்டுவது பெரியவர்கள் வேலை, இழுத்துப் போடுவது எங்கள் வேலை. செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் என் குதிகாலில் ஏறியது. உடைந்த நுனி உள்ளேயே நின்றுவிட்டது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் இருந்தன. முள்ளுக்கு ஒன்றும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா எருக்கஞ்செடியின் இலையைக் கிள்ளி, ஒழுகிய பாலை அந்த இடத்தில் விட்டார். “நாளைக்கு அதுவா எட்டிப் பாக்கும், புடுங்கிக்கோ” என்றார். மறுநாள் எட்டித்தான் பார்த்தது. ஊக்கால் நெம்பி எடுத்தேன்.

முள் போன இடத்தில் பனை வைக்கலாம் என்று சொன்னதும் அந்தத் தாத்தாதான். சார் கொண்டுவந்திருந்தவை வேப்பங்கன்று, புங்கங்கன்று. “அத்த வெச்சா தண்ணி ஊத்த நீங்க தெனம் வருவீங்களா?” என்று கேட்டார். அதற்கு சாரிடம் பதில் இல்லை.

ஆவணி, புரட்டாசி பனம்பழம் விழுகிற காலம். விடியற்காலையில் ஐம்பது பேரும் சாக்கோடு கிளம்பினோம். பழம் விழுகிற சத்தம் இருட்டில் கேட்கும்: ஓலையில் உரசல், ஒரு நொடி மௌனம், பிறகு ‘தொப்’. அந்த ஒரு நொடியில் எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். பழம் கறுப்பாக, பெரியவர் கையிரண்டும் சேர்ந்தால் அடங்குகிற அளவில் இருக்கும். உரித்தால் உள்ளே ஆரஞ்சு நிற நார். பழுத்த பலாவையும் வெல்லத்தையும் ஒன்றாக மூடிவைத்தது போல ஒரு நெடி, தலையைக் கிறுகிறுக்க வைக்கும். வண்டுகள் நமக்கு முன்பே வந்திருக்கும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை. நாரைப் பிய்த்துப் பிய்த்து விரலெல்லாம் மஞ்சள் ஏறியது. முகாம் முடிந்து வீட்டில் சோறு பிசையும்போதும் அந்த மஞ்சள் இருந்தது. நாலைந்து பழத்தைச் சுள்ளியில் சுட்டுக் கொடுத்தார் தாத்தா. இனிப்பும் கொஞ்சம் கசப்புமாக, பல்லிடுக்கில் நாரோடு.

ஓர் அடிக் குழி. கடப்பாரை இரண்டுதான், முறை வைத்துக் குத்தினோம். குழிக்குக் குழி பத்தடி என்று சார் டேப் பிடித்தார். தாத்தாவுக்கு டேப் வேண்டியிருக்கவில்லை. “ரெண்டு பயலுவ தலையும் காலுமா படுங்கடா, அதான் அளவு” என்றார். கரை நீளத்துக்கும் படுத்துப் படுத்து எழுந்தோம். மொத்தம் 214 குழி. முளைத்துவிட்டதா என்று மறுநாளே தோண்டிப் பார்த்த ஒருவனைத் தாத்தா கொம்பால் தட்டினார். பனை முதலில் கீழே போகும். கொட்டையிலிருந்து குருத்து மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கு கட்டிய பிறகுதான் மேலே இலை விடும். மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. ஆணா பெண்ணா என்று பூவிட்டால்தான் தெரியும், அதற்குப் பதினைந்து வருஷம்கூட ஆகலாம். “அப்போ நுங்கு?” என்று கேட்டவனுக்கு, “எனக்கு இல்ல” என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாளுக்கு முந்தின இரவு, அனுமதி வாங்கி, ஏரிக்கரையில் நடைப்பயணம். டார்ச் வரிசைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பாம்பு வந்தால் கத்தக்கூடாது என்று உத்தரவு, வராமலேயே கத்தினோம். எனக்கு அந்த ஏரிமேல் பழைய கணக்கு ஒன்று இருந்தது. முந்தைய டிசம்பர் 1ஆம் தேதி எங்கள் தெருவில் முட்டளவு தண்ணீர். கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு ராத்திரி எங்கள் வீட்டில் படுத்தார்கள். செம்பரம்பாக்கம் திறந்ததால்தான் என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, அன்று விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது மனப்பாடம்.

கரையில் நின்று சார் கையை நீட்டிக் காட்டினார். உபரிநீர் போகிற மதகுகள் குன்றத்தூர்ப் பக்கம். அங்கிருந்து திருநீர்மலை, மணப்பாக்கம் என்று அடையாற்றில் போய்ச் சைதாப்பேட்டையை முழுக்கியது அந்த நீர். காட்டுப்பாக்கம் இருப்பது வடகிழக்கில். எங்கள் தெருவில் நின்றது எங்கள் மழை. போக வழி இல்லாமல் நின்றது. ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த ஏரி வற்றிப்போய், நீர் எங்கோ நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. கிழக்கே வானம் ஆரஞ்சாக இருந்தது. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் அந்த வெளிச்சத்துக்குள் தாழ்ந்து போயின. அதில் எங்கள் வீடும் எங்கோ இருந்தது. ஒருவன் அழுதான். யார் என்று இங்கே எழுதமாட்டேன், மறுநாள் ஊருக்குப் போகிறவன் அழுததற்குக் காரணம் அவனுக்கே தெரியாது.

காந்தி ஜெயந்தியன்று முகாம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தலை ரத்து செய்தது. அந்தச் சுண்ணாம்புச் சுவர்கள் 2019 டிசம்பர் வரை காத்திருந்தன. முகாம் நடந்த அதே வருடம் டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்து எங்கள் பள்ளி வாசல் தூங்குமூஞ்சி மரத்தைச் சாய்த்தது. பனை என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. மண்ணுக்குள் இருப்பதைப் புயல் என்ன செய்யும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். காட்டுப்பாக்கம் சாலை நடுவே மெட்ரோ தூண்கள். வீட்டில் இன்னும் கேன் தண்ணீர்தான். தாங்கல் கரையில் முள் பாதி திரும்பி வந்திருந்தது. அதற்கு நடுவே, அடிமரம் இன்னும் எழும்பாமல், தரையிலிருந்தே விசிறி விசிறியாக ஓலை விரித்து, இடுப்பளவும் மார்பளவுமாகப் பனைகள். சில இடத்தில் மூன்று நான்கு வரிசையாக, அதே இரண்டு ஆள் நீள இடைவெளியில். தாத்தாவைப் பற்றி டீக்கடையில் கேட்டேன். எந்தத் தாத்தா என்றார்கள். பெயர் அப்போதே கேட்டுக்கொள்ளவில்லை.

கரையின் இந்தக் கோடியிலிருந்து எண்ணத் தொடங்கினேன். அறுபத்து மூன்றில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே ஏறி வந்தது. ஒதுங்கி வழி விட்டதில் எண்ணிக்கை தப்பிவிட்டது. திரும்ப எண்ணவில்லை, பூந்தமல்லி பஸ் வரும் நேரம்.