டேப்பு மிச்சம்

எங்கள் கேசட்டுகளில் கடைசிப் பாட்டு எப்போதும் நாங்கள் கேட்காத பாட்டாகத்தான் இருக்கும்.

1980-களின் பின்பாதியில் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு சந்து முனையில் அந்த ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. கட்டில் ஒன்று போட்டால் நிறைந்துவிடும் அளவுக்குக் கடை. உள்ளே இரண்டு டெக், ஒரு ரெக்கார்டு பிளேயர், சுவரை மறைத்துக்கொண்டு எல்.பி. தட்டுகள், கீழ்த்தட்டில் பழைய காலத்துக் கனத்த இசைத்தட்டுகள். வாசலில் ஒரு பெஞ்சு. பதிப்புரிமைச் சட்டப்படி அந்தத் தொழிலே குற்றம் என்பது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்போம்.

கோடு போட்ட தாளில் படத்தின் பெயர், பாட்டின் முதல் சொல், பாடியவர் என்று எழுதி, காலிக் கேசட்டோடு கடைக்கார அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். மூன்று நாளில் கிடைக்கும். எங்களுக்கு ஓர் ஆளுக்கு மாதத்துக்கு ஒரு கேசட் முடிந்தால் பெரிது. அதனால் அந்தப் பட்டியலை எழுதுவது தேர்வு எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருவன் எழுதுவான், அடிப்பான், பக்கத்தில் இருப்பவனிடம் காட்டுவான், அவன் சிரித்தால் மறுபடி அடிப்பான். ஊரில் எவன் காதலில் விழுந்திருக்கிறான் என்பது அவன் வீட்டுக்குத் தெரியுமுன் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். தட்டிலிருந்து பதிவு செய்யும்போது ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரமும் ஆகும். எல்லோருடைய பாட்டையும் அவர் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

பெஞ்சில் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் இருப்போம். முள் தட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது பெஞ்சை ஆட்டக் கூடாது, படியில் திம்மென்று ஏறக் கூடாது. ஆட்டினால் முள் துள்ளிவிடும். அப்புறம் எவனோ ஒருவன் கேசட்டில் ஆயுள் முழுக்க அந்த இடத்தில் ஒரு தாவல் இருக்கும். அதனால் சண்டைகூட அடங்கிய குரலில்தான் நடக்கும். இளையராஜா கட்சிதான் பெரிய கட்சி. எம்.எஸ்.வி. கட்சியில் இரண்டு பேர், அதில் ஒருவர் தபால் ஆபீஸ்காரர், வயதில் மூத்தவர். 1986-ல் இளையராஜாவும் எம்.எஸ்.வி.யும் சேர்ந்து இசையமைத்த ‘மெல்லத் திறந்தது கதவு’ வந்தபோது பெஞ்சு அல்லாடிப் போயிற்று. எந்த இடம் யாருடையது என்று வயலின் வயலினாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். அந்த வழக்கு தீரவே இல்லை.

கேசட் கடைசியில் அந்தக் கேட்காத பாட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், அதற்கு மேல் சில நொடிகள். நாங்கள் எழுதிக் கொடுப்பதெல்லாம் ‘நாயகன்’, ‘அக்னி நட்சத்திரம்’ காலத்துப் பாட்டு. பெரும்பாலும் ஒவ்வொன்றும் நாலரை நிமிடம் வரும். ஆறு போட்டால் இருபத்தேழு நிமிடம் ஆகிவிடும், ஏழாவது கொள்ளாது. மூன்று, மூன்றேகால் நிமிட டேப் சும்மா கிடக்கும். அந்த அளவுக்குள் அடங்குகிற பாட்டு எது? நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட முடியும். அதற்குள் பல்லவி, சரணம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டவர்கள் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் பாடியவர்கள். எங்கள் மிச்ச டேப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல அந்தப் பாட்டுகள் வந்து உட்கார்ந்தன. பழைய பாட்டு எங்களிடம் ரசனை வழியாக வரவில்லை. இடம் மிச்சம் இருந்தது, வந்தது.

முதல் தடவை சண்டைக்கே போனேன். “அண்ணாச்சி, கடைசியில ஏதோ பழைய பாட்டு கெடக்கே, நான் எழுதிக் குடுக்கலையே?”

“மூணு நிமிசம் டேப்பு மிச்சம் கெடந்துச்சு தம்பி. சும்மா ஓட விடச் சொல்லுதியா? பிடிக்கலைன்னா அழிச்சிக்கோ.”

அழிக்கவில்லை. ஆறாவது பாட்டு முடிந்ததும் ஸ்டாப் பட்டனை அமுக்கிவிடுவேன், அவ்வளவுதான். ஒரு ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தபோது டேப் ரெக்கார்டர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. எழுந்திருக்கச் சோம்பல். அது பாட்டுக்கு ஓடி ஏழாவது பாட்டு வந்துவிட்டது. 1955-ல் வந்த ‘மிஸ்ஸியம்மா’ பாட்டு, எஸ்.ராஜேஸ்வர ராவ் இசை என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு ஒரு குரல்தான். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் பேசுகிற மாதிரி ஒருவர் பாடினார். ரீவைண்ட் செய்ய நான்தான் எழுந்தேன்.

மறுநாள் பெஞ்சில் கேட்டேன், யார் அது என்று. அண்ணாச்சி தட்டைத் துடைத்துக்கொண்டே “ஏ.எம்.ராஜா” என்றார். அவ்வளவுதான். பாட்டைப் பற்றிப் பேசிப் புரியவைக்கிற ஆளில்லை அவர். அடுத்த கேசட்டின் மிச்சத்தில் ராஜாவே இசையமைத்த ‘கல்யாணப் பரிசு’ இருந்தது, அதற்கடுத்ததில் ‘தேன் நிலவு’. ஆறு மாதத்தில் நான் பட்டியல் எழுதும்போதே கணக்குப் போட ஆரம்பித்தேன்: ஒரு பாட்டை வெட்டிவிட்டால் இரண்டு பழைய பாட்டுக்கு இடம் கிடைக்குமே! இதைப் பெஞ்சில் யாரிடமும் சொல்லவில்லை, இளையராஜா கட்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள். பிறகு பார்த்தால் எல்லாப் பயல்களும் அதையே செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். அப்புறம் கேசட்டை மாற்றிக்கொள்வதே கடைசிப் பாட்டுக்காக என்று ஆயிற்று. “ஒனக்கு என்னல போட்டுக் குடுத்தாரு?” என்பதுதான் விசாரிப்பு. தபால் ஆபீஸ்காரர் கேசட்டில் மட்டும் தலைகீழ். அவர் முழுக்கப் பழைய பாட்டுக்காரர். அவருடைய மிச்சத்தில் அண்ணாச்சி இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’டிலிருந்து ஒரு துண்டு போட்டுக் கொடுத்திருந்தார். அவர் ஒரு வாரம் கோபமாக இருந்தார். எட்டாம் நாள் வந்து முழுசாகப் போட்டுத் தரச் சொன்னார்.

கடை பிறகு ஜெராக்ஸ் கடையாயிற்று, அதற்குப் பிறகு செல்போன் கடை. நான் ஊரைவிட்டு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. பெஞ்சுக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். மஸ்கட்டிலிருந்து ஒருவன் தினமும் காலையில் பாட்டு அனுப்புகிறான். கட்டைவிரல் போடுகிறோம். உண்மையைச் சொன்னால் நான் பாதிக்கு மேல் கேட்பதில்லை. முன்பு அவன் கேசட் என் கையில் இருந்தால் அவனிடம் அது இருக்காது. கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது ஏதாவது சொல்லியாக வேண்டும். போனும் கேட்காமலே பாட்டுப் போடத்தான் செய்கிறது. ஏ.எம்.ராஜா கேட்டால் ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீனிவாஸ், மறுபடி ராஜா என்று, பந்தியில் இனிப்புப் பிடித்தவன் இலையில் இனிப்பையே வைத்துக்கொண்டு போகிற மாதிரி. தபால் ஆபீஸ்காரரை ஒரு வாரம் கோபப்படுத்துகிற துணிச்சல் அதற்கு இல்லை.

1989 ஏப்ரலில் ஒரு காலை, வள்ளியூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து படிக்கும் நண்பன் செய்தியோடு வந்தான். ஏ.எம்.ராஜா வள்ளியூர் ஸ்டேஷனில் ரயில் விபத்தில் இறந்துவிட்டார். அந்தக் குரலுக்கு நாங்கள் வைத்திருந்த ஊர் எதுவோ, வள்ளியூர் இல்லை. நாங்கள் பஸ் மாறுகிற, வாழைப்பழம் வாங்குகிற வள்ளியூர். சாயங்காலம் கடைக்குப் போனோம். கடை திறந்துதான் இருந்தது. அண்ணாச்சி யாருக்கோ ‘அக்னி நட்சத்திரம்’ பதிந்துகொண்டிருந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. பெஞ்சு ஆடவில்லை.

அந்த வாரம் நான் கொடுத்திருந்த கேசட் இன்னும் பீரோவில் இருக்கிறது. உள்ளே டேப்பை அழுத்திப் பிடிக்கிற பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டது. ஓட்டிப் பார்க்க டெக்கும் இல்லை. அதன் பி பக்கக் கடைசியில் ‘கல்யாணப் பரிசு’வில் ராஜா தனியாகப் பாடும் சோகப் பாட்டு, முடிவதற்குள் டக்கென்று டேப் தீர்ந்துவிடும். அண்ணாச்சி நொடிக் கணக்கில் அளந்து போடுகிற மனிதர். அவர் கணக்குத் தப்பி நான் பார்த்த ஒரே கேசட் அது. அவரிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை போய், கேட்காமல் வந்தேன்.

போனில் அந்தப் பாட்டு முழுசாக இருக்கிறது. போடுவேன். அந்த இடம் வந்ததும் கட்டைவிரல் தானாகப் போய் நிறுத்திவிடுகிறது.