ரீசெட் பட்டனுக்கு முன்னால்

நான் ஓய்வு பெற்ற இடத்தில் என் வேலைக்கு ஆள் எடுக்கவில்லை. ஷிஃப்டுக்கு ஒரு ஆபரேட்டர் என்றிருந்த ஏற்பாடு போய், மூன்று கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே பையன் என்று ஆகிவிட்டது. மேனேஜர் என்னிடம் சொன்ன காரணம் இது: "எல்லாம் ஆட்டோ சார். பேனலே பாத்துக்கும். ட்ரிப் ஆனா ஃபோன்லயே ரீசெட் பண்ணிடலாம்." என்னைப் புண்படுத்த அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சில்லர் பேனல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தவர் வாயில் அந்த வார்த்தை வராது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பேனலுக்குத் தெரிவதெல்லாம் ஒயர் வழியாக வந்து சேர்வது மட்டும். தண்ணீரின் டெம்பரேச்சர் அதற்கு ஓம் கணக்கு. 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் என்றால் 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 7 டிகிரியில் ஏறக்குறைய 23. டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்து இடையில் ஒரு கிலோ ஓம் கூடினால் போதும், தண்ணீர் உள்ளதைவிட ஒரு டிகிரி குளிராகக் காட்டும். பேனல் அதை நம்பிக் கம்ப்ரசரின் லோடைக் குறைத்துவிடும். நாலாவது மாடியிலிருந்து புழுக்கம் என்று ஃபோன் வரும். வருகிற டெக்னீஷியன் டெர்மினலைத் திறந்து பார்ப்பதில்லை. மெனுவுக்குள் போய் ஆஃப்செட்டில் ஒரு டிகிரியைக் கூட்டிவிட்டுக் கிளம்புகிறார். பிறகு யாரோ ஒருவர் அந்த ஸ்க்ரூவை முறுக்கியதும் பேனல் ஒரு டிகிரி கூடக் காட்ட ஆரம்பிக்கும், தண்ணீர் அந்த அளவுக்குக் கூடுதலாகக் குளிரும். நான் வேலை பார்த்த பிளான்ட்டுகளில் எத்தனை ஆஃப்செட்டுகளைத் தேடிப் பிடித்துப் பூஜ்யமாக்கினேன் என்று எனக்கே கணக்கில்லை.

கிண்டி ஐ.டி.ஐ. முடித்து நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தவை ஆர் 22 கேஸ் போட்ட ரெசிப்ரோகேட்டிங் மெஷின்கள். கன்ட்ரோல் முழுக்க ரிலே, டைமர், கேப்பில்லரி வைத்த கட்-அவுட்கள். ஸ்க்ரூ சில்லரும் மைக்ரோபிராசசர் பேனலும் பிறகு வந்தன. புது பேனல் வந்த வாரமே எங்கள் ஃபோர்மேன் அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எந்த ஸ்க்ரீனில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "கண்டென்சர் அப்ரோச்" என்று பார்த்த இடத்தில் நிறுத்தி, தமிழில் "ட்யூப் அழுக்கு" என்று பக்கத்தில் குறித்தார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த மேனுவலிலும் படித்ததில்லை.

அவர் வைத்த சட்டம் ஒன்று. ட்ரிப் ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பேனலில் இருக்கிற அலாரம், நாலு தண்ணீர் டெம்பரேச்சர், இரண்டு கேஸ் பிரஷர், ஆயில் பிரஷர், ஆம்ப்ஸ் எல்லாம் லாக் புக்கில் ஏறிய பிறகுதான் கை வெளியே வரலாம். சில பேனல்களில் ரீசெட் அடித்த கணமே ட்ரிப் ஆன நொடியின் அளவுகள் அழிந்துவிடும். அலாரம் லிஸ்ட்டும் இத்தனைதான் என்று அளவு வைத்தது. அடித்துக்கொண்டே இருந்தால் கடைசி அலாரங்கள் சேர்ந்து முதல் அலாரத்தை வெளியே தள்ளிவிடும். முதலாவதில்தான் காரணம் இருக்கும். "ஒரு ட்ரிப்புக்கு ஒரு ரீசெட் தம்பி. ரெண்டாவது ரீசெட் என்னக் கேட்டுட்டுத்தான்." ராத்திரி இரண்டு மணிக்கும் அவரை எழுப்பியிருக்கிறோம். ஒரு நாளும் அவர் சலித்துக்கொண்டதில்லை.

அவர் எங்களை மனப்பாடம் செய்ய வைத்த எண்கள் சில உண்டு. ஆர் 22 கேஜில் 57 பிஎஸ்ஐ காட்டினால் கேஸ் பூஜ்யம் டிகிரியில் கொதிக்கிறது. ஆர் 134ஏ வந்தபோது அதே பூஜ்யத்துக்கு 28. பழைய கணக்கோடு புது மெஷினைப் பார்த்தவர்கள் எல்லா நேரமும் பயந்தார்கள். புதுக் கணக்கோடு பழைய மெஷினைப் பார்த்தவர்கள் பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படவில்லை. பத்து டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசத்துக்கு ஒரு டன்னுக்கு 2.4 ஜிபிஎம் தண்ணீர், அதனால் 200 டன் மெஷினுக்கு 480. இதெல்லாம் சில்லர் பக்கம் வருகிற யாருக்கும் அத்துபடியாக இருக்க வேண்டியவை. இப்போது நான் கேட்டால் பையன்கள் ஃபோனை எடுத்துத் தேடுகிறார்கள்.

இனி ஃப்ளோ ஸ்விட்ச். இந்தத் தொழிலில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். பைப்புக்குள் ஒரு தகடு தொங்கும். தண்ணீர் ஓடினால் அது சாயும், கான்டாக்ட் சேரும். தண்ணீர் நின்றால் ஸ்பிரிங் அதைத் திருப்பும், கான்டாக்ட் விலகும், கம்ப்ரசர் நிற்கும். பல லட்ச ரூபாய் மெஷினில் மலிவான உறுப்புகளில் ஒன்று. கம்ப்ரசர் உயிரோடு இருப்பது அதன் தயவில். தகடு உடைந்து விழுந்தால் கான்டாக்ட் விலகும், மெஷின் எடுக்காது. அது நல்ல கோளாறு, யாருக்கும் நஷ்டமில்லை. தகடு துருவிலும் உப்பிலும் சாய்ந்தபடியே ஒட்டிக்கொண்டால் தண்ணீரே இல்லாவிட்டாலும் பேனலுக்கு "தண்ணீர் ஓடுகிறது" என்றுதான் போகும். போர் தண்ணீரை அப்படியே லைனில் நிரப்புகிற கட்டடங்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அதோடு எல்போவுக்கு ஒட்டி மாட்டிவிடுவார்கள். முன்னும் பின்னும் பைப் அகலத்தைப் போல ஐந்து மடங்கு நேர்ப் பைப் வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சுழன்று வந்து தகடு படபடக்கும், மெஷின் காரணமில்லாமல் நிற்பதுபோல் தெரியும். அப்போது கான்ட்ராக்டர் செய்வது, இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் ஒரு துண்டு ஒயர் போட்டு லூப் அடிப்பது. சில பேனல்கள் இதைக் கண்டுபிடித்துவிடும்: பம்ப் ஓடாதபோதும் ஃப்ளோ இருப்பதாக வந்தால் அலாரம் கொடுக்கும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பம்ப் கான்டாக்டரின் ஆக்ஸிலரி கான்டாக்ட் வழியாக லூப்பை எடுத்துப் போனால் பேனல் ஏமாறும். பம்ப்புக்குக் கரன்ட் போனால் தண்ணீர் ஓடுகிறது என்று அதற்குப் பொருள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இப்படித்தான் ஓர் இரவு பம்ப்பின் கப்ளிங் அறுந்தது. மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றியது, கான்டாக்டர் சேர்ந்தே இருந்தது, பேனல் ஃப்ளோ இருப்பதாக நம்பியது. குளிர்ந்த தண்ணீரின் டெம்பரேச்சரைப் பார்க்க ஒரு சென்சார் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது கூலரை விட்டு வெளியே வரும் பைப்பின் வாயில் இருக்கிறது. தண்ணீர் நகர்ந்தால்தான் உள்ளே இருக்கும் குளிர் அதை எட்டும். நகராவிட்டால் வாயிலேயே தேங்கிய தண்ணீரை அது பார்த்துக்கொண்டிருக்கும், உள்ளே ட்யூபில் ஐஸ் பிடித்துக்கொண்டிருக்கும். லோ பிரஷர் கட்-அவுட் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனால் ராத்திரி லோடு குறைவான நேரங்களில் அது ட்ரிப் ஆகித் தொல்லை கொடுக்கிறது என்று யாரோ முன்பே மெனுவில் அதன் அளவை இறக்கிவைத்திருந்தார்கள். ட்யூப் வெடிக்கச் சில நிமிடம் போதுமானதாக இருந்தது. முதலில் கேஸ் தண்ணீர் லைனுக்குள் பாயும். கேஸ் பிரஷர் இறங்கியதும் தண்ணீர் கேஸ் பக்கம் வரும். மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது சைட் கிளாஸில் ஆயில் மோர்போல வெளுத்திருந்தது, கம்ப்ரசர் வைண்டிங் எரிந்திருந்தது. பேனலைத் திறந்தேன். லூப் ஒயரின் இரண்டு முனையிலும் சுத்தமாக லக் அடித்து, ஃபெரூல் நம்பர் போட்டு, ஒழுங்காக டிரெஸ் செய்திருந்தார்கள். அவசரத்துக்குப் போட்டது இல்லை அது. நிரந்தர வேலையாகச் செய்தது.

ஃப்ளோ ஸ்விட்சை எப்படி நம்புவது என்று எங்கள் ஃபோர்மேன் காட்டித் தந்த வழி வேறு. கூலரின் இரண்டு பக்கத்திலும் கேஜ் வைத்து பிரஷர் வித்தியாசத்தை எழுதிவைப்பார். கமிஷனிங் அன்று இருந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்தால் தண்ணீரும் பாதியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது; ஏறக்குறைய 70 சதவீதம் இன்னும் ஓடுகிறது. கால்வாசியாகக் குறைந்தால்தான் தண்ணீர் பாதி. அந்தக் கணக்கோடு ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பார்ப்பார். மாதம் ஒருமுறை கம்ப்ரசரை லாக் செய்து ஐசொலேட்டரில் டேக் மாட்டிவிட்டு, பம்ப்பை ஓடவிட்டு நிறுத்துவார். ஒருவன் பேனல் ஸ்க்ரீனில் ஃப்ளோ இன்புட் மாறுகிறதா என்று பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அது இருக்கிற லாக் ஷீட்டை நான் கடைசியாகப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்துச் சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. எங்களுக்குக் கரன்ட் திரும்பியபோது மூன்று பேஸும் இருந்தன, வோல்டேஜும் சரி, சில்லர் மட்டும் எடுக்கவில்லை. பேனலில் பேஸ் ரிவர்சல். "லைட்டெல்லாம் எரியுதுண்ணே, ரிலேதான் போயிருக்கும், லூப் அடிச்சிரலாம்" என்றான் எலக்ட்ரீஷியன். நான் மொட்டை மாடிக்குப் போய் கூலிங் டவர் ஃபேனை ஒரு தட்டுத் தட்டச் சொன்னேன். மேலே தள்ள வேண்டிய காற்றைக் கீழே தள்ளியது. கேபிள் ஜாயின்ட் போட்டபோது இரண்டு பேஸ் மாறியிருந்தது. ஸ்க்ரூ கம்ப்ரசரை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டிருந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயில் ஹீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார விடுமுறைக்குக் கட்டடத்தைப் பூட்டும்போது கரன்ட் மிச்சம் என்று மெயின் ஐசொலேட்டரையே இறக்கிவிடுகிறார்கள். ஹீட்டரும் சேர்ந்து அணைந்துபோகிறது. குளிர்ந்த ஆயிலில் கேஸ் கரைந்து கிடக்கும். திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் கொடுத்ததும் அது நுரைத்துக் கிளம்பும், பேரிங்குக்கு ஆயில் போகாது. ஹீட்டர் 12 மணி நேரமாவது, மேனுவல் சொன்னால் 24 மணி நேரம், ஓடியிருக்க வேண்டும். எட்டு மணிக்கு ஏசி வேண்டும் என்று நிற்கிற அட்மின் ஆபீசரிடம் இதைச் சொல்லி ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல் நிற்கத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் நிரந்தர வேலையில் இருப்பவனுக்கு வரும். மூன்று மாத கான்ட்ராக்டில் இருக்கிற பையனுக்கு எப்படி வரும்?

டிரைவ் வைத்த மெஷின்களில் இன்னொன்று. 415 வோல்ட் லைனில் உள்ளே டிசி பக்கம் 580-க்கு மேல் நிற்கும். மெயினை இறக்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது இருக்கும். மூடியின் மேல் எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். டிஸ்ப்ளே அணைந்ததும் மூடியைத் திறக்கிற பையன்களைப் பார்க்கும்போது என் வயிறு கலங்குகிறது. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் தப்பு இல்லை அது.

இப்போது ஃபோன் ரீசெட்டுக்கு வருகிறேன். தூரத்திலிருந்து பார்ப்பது நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ட்ரெண்ட் வரைந்து காட்டுகிற மாதிரி எங்கள் லாக் புக்கால் காட்ட முடியாது. ஆனால் ஹை பிரஷர் கட்-அவுட்டை மெஷின் பக்கத்திலேயே, கையால் அழுத்தினால் மட்டும் சேருகிற மாதிரி, சாஃப்ட்வேர் வழியாகப் போகாமல் நேரே ஒயர் இழுத்து வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே அந்தக் காரணம். டவர் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கலாம், கண்டென்சர் ட்யூபில் உப்புப் படிந்திருக்கலாம். ஓட்டலில் வெந்நீர் போடுகிற ஹீட் பம்ப்பிலும் இதே கதைதான்: வெந்நீர்ப் பக்கம் சர்க்குலேஷன் நின்றால் முதலில் ஏறுவது ஹை பிரஷர். கேஸ் கசிந்து லோ பிரஷரில் ட்ரிப் ஆகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கேஸ் காற்றைவிடக் கனம், பேஸ்மென்ட்டில் தரையோடு தேங்கிச் சுவாசிக்கிற காற்றைத் தள்ளிவிடும். ஃபோனில் ரீசெட் அடித்துப் பார்த்துவிட்டு, எடுக்கவில்லை என்றால் பையனை உள்ளே அனுப்புகிறார்கள்.

மே மாதத்தில் ஃபேக்டரி பாஸ்வேர்டைப் போட்டு பிரஷர் லிமிட்டை ஏற்றுகிற வழக்கம் வேறு. அந்தப் பாஸ்வேர்ட் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. பிரஷ் போட்டு ட்யூபைத் தேய்த்தால் தீர்கிற விஷயம். அதற்கு மெஷினை ஒரு நாள் நிறுத்த வேண்டும், அந்த ஒரு நாளைக் கொடுக்க யாருக்கும் மனமில்லை. லாக் ஷீட்டில் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் 7, 12, 7, 12 என்று எழுதியிருக்கிறது.

பையன்களைத் திட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஏ.எம்.சி. ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். மெஷின் நின்ற நேரத்துக்கு மணிக்கணக்கில் அபராதம் போட்டிருப்பார்கள். ஃப்ளோ ஸ்விட்ச் சரியான நேரத்தில் ட்ரிப் கொடுத்துக் கூலரைக் காப்பாற்றினால் அதுவும் நின்ற நேரம்தான், அதற்கும் அபராதம்தான். லூப் அடித்து ஓட்டினால் அபராதம் இல்லை. கட்-அவுட்களை மாதாமாதம் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற வரி நான் பார்த்த ஒப்பந்தங்களில் ஒன்றிரண்டில்தான் இருந்தது, அதற்கும் தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. ஓய்வு பெறுவதற்கு முன் அந்த மேனேஜருக்கு இதை எழுதிக் கொடுத்தேன்: சேஃப்டி ட்ரிப் ஆன நேரத்தை அபராதக் கணக்கிலிருந்து எடுங்கள், லூப் ஒயர் கண்டுபிடித்தால் அதற்கு அபராதம் வையுங்கள், ஃபோனில் பார்க்கிற வசதியை வைத்துக்கொண்டு ரீசெட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். அடுத்த ஒப்பந்தம் மார்ச்சில் வருகிறது.