சுளுக்காத காலும் நொண்டி நடந்த பிள்ளையும்



மதரஸாவில் பாடம் நடத்தும் நமக்கும் கூடைப்பந்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பதுண்டு. கொடைக்கானலில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நம் மஹல்லாப் பிள்ளைகள் பந்துடன் கூடுவார்கள். பனி இறங்கினால் எதிர்ப்பக்கக் கூடை கண்ணுக்குத் தெரியாது. அப்போதும் ஆட்டம் நிற்காது. பெரியவர் ஒருவர் உடனிருந்தால் நல்லது என்று ஜமாஅத்தார் கருதியதால் அப்பொறுப்பு நம்மிடம் வந்தது. விதிகளைப் படித்துக்கொண்டோம். நாளடைவில் பிள்ளைகள் நம்மையே பயிற்சியாளர் என்று சொல்லத் தொடங்கினர். அச்சொல் நமக்கு இனித்ததை மறைப்பதற்கில்லை.

மலையடிவாரத்தில் உள்ள பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகளாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தி வருகிறது. இராணுவ அணியும் வங்கி அணிகளும் அங்கு வந்து மின்னொளியில் ஆடும். ஒரு மே மாதம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையிறங்கினோம். அவர்கள் பந்தைப் பார்த்தார்கள். நாம் கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர்களைப் பார்த்தோம். களத்தில் ஓடுபவர் ஐவர்தாம். ஆயினும் யாரை எப்போது இறக்குவது, எந்தக் கணத்தில் ஆட்டத்தை நிறுத்தி மூச்சு வாங்க வைப்பது என்பதெல்லாம் வெளியே நிற்பவரின் கையில் இருக்கிறது. சர்வதேச விதிப்படி ஓர் அணி முதற்பாதியில் 2 முறையும் பிற்பாதியில் 3 முறையும் டைம் அவுட் கேட்கலாம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அதைச் சிக்கனமாகச் செலவழிப்பது அறிவு. அது தீர்ந்துபோன பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் ஒருவரின் அமானிதம் வெளிப்படுகிறது.

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் நடந்த ஒன்றை இளைஞர் ஒருவர் நமக்குக் கைப்பேசியில் காட்டினார். 2013 நவம்பர் 27. புரூக்ளின் நெட்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜேசன் கிட். எதிரணி லேக்கர்ஸ். ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருந்தன, நெட்ஸ் பின்தங்கியிருந்தது, டைம் அவுட் ஒன்றுகூட மீதமில்லை. கிட் கையில் பானக் கோப்பையுடன் நின்றார். தம் வீரர் ஒருவரைத் தம்மீது மோதும்படி சொன்னார். மோதினார், பானம் தரையில் கொட்டியது. தரையைத் துடைக்க ஆட்டம் நின்றது. அந்த இடைவெளியில் துணைப் பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்திட்டத்தை வீரர்களுக்கு வரைந்து காட்டினார். கை வியர்த்திருந்ததால் கோப்பை நழுவியது என்று கிட் காரணம் சொன்னார். மறுநாள் அவருக்கு 50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த ஆட்டத்தில் நெட்ஸ் 94-99 என்று தோற்றதுதான் மிச்சம்.

அதைப் பார்த்து நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்று நமக்கு வலிக்கிறது.

ஏனெனில் சில மாதங்களுக்குப் பின், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் நாமும் அதே இடத்தில் நின்றோம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். டைம் அவுட் தீர்ந்துவிட்டது. நம் பிள்ளைகள் மூச்சிரைத்து, சொன்னதை மறந்து ஓடிக்கொண்டிருந்தனர். 13 வயது மாணவன் ஒருவன் நம் அருகே ஓடி வந்தபோது, "காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்" என்று மெல்லச் சொன்னோம். உட்கார்ந்தான். நடுவர் பதறி ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணிப் பிள்ளை ஒருவன் தண்ணீர்ப் புட்டியுடன் அவனிடம் ஓடினான். நாமோ மற்ற பிள்ளைகளைக் கோட்டருகே கூட்டிச் செய்ய வேண்டியதைச் சொன்னோம். ஒரு புள்ளியில் வென்றோம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பிள்ளை நொண்டி நடந்தான். நேராக நடந்தால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே! இரவு அவன் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், உப்பு ஒத்தடம் கொடுத்திருக்கிறேன். வீக்கம் இல்லை. காலையில் மருத்துவரிடம் காட்டட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம், சரியாகிவிடும்" என்றோம். ஒரு பொய் இரண்டாயிற்று.

மறுநாள் பாடம் சூரத்துல் முதஃப்பிஃபீன். அளவையில் மோசம் செய்பவர்களைக் கண்டிக்கும் அத்தியாயம். தராசைப் பற்றி நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் கை உயர்த்தினான். "ஹஜ்ரத், வாயால் சொல்லாமல் காலால் சொன்னால் அது பொய்யா?"

வகுப்பு அமைதியானது. நமக்கு விடை தெரியும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. வியாபாரி ஒரு பொய்யும் பேசவில்லை. நனைந்ததைக் கீழே வைத்துக் காய்ந்ததை மேலே பரப்பியிருந்தார், அவ்வளவுதான். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற பொருளில் அண்ணலார் எச்சரித்தார்கள். "ஆம், அது பொய்தான். அது உன் பொய் அன்று, நம்முடைய பொய்" என்றோம்.

போரில் தந்திரம் ஆகுமே என்று சிலர் வாதிடலாம். விளையாட்டு போரன்று. இரு தரப்பும் ஒரே விதியை ஏற்றுக் களமிறங்கும்போது அது ஓர் உடன்படிக்கையாகிறது. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. எதிரே நின்றவர்கள் பகைவர்களும் அல்லர், தண்ணீர் கொண்டு ஓடி வந்த அண்டை வீட்டுப் பிள்ளைகள்.

தோல்வியை எப்படி ஏற்பது என்பதற்கும் நமக்கு முன்மாதிரி உண்டு. நபியவர்களின் ஒட்டகமான அள்பா பந்தயங்களில் எவராலும் முந்தப்படாதது. ஒரு நாள் கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திற்று. தோழர்களுக்கு அது மன வருத்தத்தைத் தந்தது. உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் ஒரு நாள் தாழ்த்துவான் என்று அண்ணலார் உணர்த்தினார்கள்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1980 பிப்ரவரியில் மும்பையில் நடந்த பொன்விழா டெஸ்டில், நடுவர் ஆட்டமிழந்ததாக அறிவித்த இங்கிலாந்தின் பாப் டெய்லரை இந்திய அணித்தலைவர் குண்டப்பா விஸ்வநாத் திரும்ப அழைத்து ஆட வைத்தார். அந்த டெஸ்டில் இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. ஆயினும் இன்றுவரை அவர் பெயரை மரியாதையுடன் நினைவுகூர்கிறார்கள்.

அன்று மாலையே கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குச் சென்றோம். அப்பிள்ளைகளின் முன்னால் நடந்ததைச் சொன்னோம். அவர்களின் பெரியவர் கோப்பையை வாங்க மறுத்து, "அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்வோம் ஹஜ்ரத்" என்றார். அது மதரஸா அலமாரியில் இருக்கிறது. யாரும் அதைத் துடைப்பதில்லை.

அதைவிடக் கடினமாக இருந்தது அந்தத் தாயாரிடம் சொல்வது. அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களை நம்பித்தானே ஹஜ்ரத் பிள்ளையை அனுப்புகிறோம்" என்றார்.

பெற்றோரே, நாம் அனைவரும் ஏதோ ஒரு கோட்டுக்கு வெளியே நின்று நம் பிள்ளைகளுக்குச் சைகை காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பேருந்தில் அரைச் சீட்டுக்காக வயதைக் குறைத்துச் சொல்லச் சொல்வதும், "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்" என்பதும் அத்தகைய சைகைகளே. நாம் சொன்னதை அவர்கள் செய்துவிடுவார்கள். நொண்டி நடப்பது அவர்கள்தாம்.

வல்ல அல்லாஹ் நம் பிழைகளை மன்னித்து, நம் பிள்ளைகளை நேராக நடக்கச் செய்வானாக. ஆமீன்.