பழைய மணலை மாற்றச் சொன்னவன்

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மதுரை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். ஆட்சியரின் அந்த அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் வரும். முதல் வரியைப் படித்ததும் பள்ளிப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது கடைசி வரிகள்தான். இந்த விடுமுறை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது; மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அவசர வேலைக்காகக் குறைந்த ஆட்களோடு திறந்திருக்கும்; இதற்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலை நாள். அழகர் இந்த வருடம் பச்சைப் பட்டு கட்டுவாரா சிவப்பா என்று ஊரே கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, கலெக்டர் ஆபீசில் ஒருவர் உட்கார்ந்து, வெள்ளைக்காரன் போட்ட உண்டியல் சட்டத்துக்கு அழகரால் ஏதும் பங்கம் வந்துவிடக்கூடாதே என்று கவலைப்படுகிறார்.

அந்தச் சட்டத்தில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் தேடிப் படித்தேன். கடன் பத்திரம், உண்டியல், காசோலை ஆகியவற்றுக்கான சட்டம் அது. பத்திரத்தின் தவணை நாள் பொது விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்தைய வேலை நாளையே தவணை நாளாகக் கொள்ள வேண்டும். எந்த நாள் பொது விடுமுறை என்பதை அரசிதழில் அறிவித்தாக வேண்டும். ஆட்சியர் தம் மாவட்டத்துக்கு மட்டும் விடும் விடுமுறைக்கு அந்தத் தகுதி கிடையாது. கடன்காரன் அழகரைச் சாக்கிட்டுத் தப்பிக்க முடியாது என்பதுதான் அந்தக் கடைசி வரியின் பொருள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் விடுகிற விடுமுறைக்கும், நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்தில் விடுகிற விடுமுறைக்கும் இதே வால்தான். மூன்று மதத்தாரையும் ஒரே கண்ணால் பார்க்கிற ஒரு வாக்கியத்தை நம் ஊரில் வேறெங்கே தேடுவது?

நான் நாளிதழைப் பின்னாலிருந்து படிக்கிறவன். முதல் பக்கத்தில் போர் நடக்கும், கூட்டணி உடையும், பங்குச் சந்தை சரியும். அவற்றில் எதுவும் என்னிடம் ஒரு வேலையும் சொல்வதில்லை. படித்துவிட்டு நான் செய்யக்கூடியது பெருமூச்சு ஒன்றுதான். மாவட்டப் பக்கம் அப்படியில்லை. நாளை காலை ஒன்பது மணி முதல் மின்தடை என்றால் இன்று ராத்திரியே மாவாட்ட வேண்டும், தொட்டியை நிரப்ப வேண்டும், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி என்றால், பட்டாவில் தாத்தா பெயரை இன்னும் மாற்றாதவர்கள் பீரோவின் அடியில் கையை விட வேண்டும். (ஜமாபந்தியில் ஆண்டைப் பசலிக் கணக்கில் சொல்வார்கள். பசலியோடு 590ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். ஜூலை முதல் தேதி பிறக்கிற அந்த ஆண்டுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறவர் யாரும் இல்லை.) சொன்ன நாளில் மின்சாரம் போகாவிட்டால் வரும் கோபம் தனி ரகம். மாவாட்டி, தொட்டி நிரப்பி, ஃபிரிட்ஜில் இருந்த பாலையும் காய்ச்சிவிட்டு உட்கார்ந்திருந்தால், விசிறி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பராமரிப்புப் பணி ஒத்திவைப்பு என்ற செய்தி மறுநாள் காலை பேப்பரில் வரும்.

இப்படி ஊராருக்கு வேலை சொல்கிற அறிவிப்புகளில் எனக்குத் தெரிந்து மிக நல்ல ஒன்று மணிமேகலையின் முதல் காதையில் இருக்கிறது. விழாவறை காதை என்று பெயர். பள்ளியில் அதை மனப்பாடப் பகுதியாக மட்டும் படித்தவர்களுக்கு அதன் ருசி தெரிந்திருக்காது. இந்திர விழா வருகிறது. வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, வழிவழியாக அந்த வேலையைச் செய்துவந்த குடியில் பிறந்த ஒருவன் புகார் நகரத்துத் தெருக்களில் அறைந்துகொண்டு போகிறான். ஊர் வாழ்க, மாதம் மும்மாரி பொழிக, மன்னன் நேர்வழியில் நிற்க என்று ஆரம்பிக்கிறான். அதற்குமேல் புகழ்ச்சியில் காலம் கடத்துவதில்லை. வேலைகளைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறான்.

தோரணம் கட்டுங்கள், பூரண கும்பம் வையுங்கள், பாவை விளக்கு வையுங்கள். குலை தள்ளிய கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள். தூண்களில் முத்துமாலை தொங்கவிடுங்கள். அடுத்து வருவதைப் படித்துத்தான் நான் புத்தகத்தைக் கீழே வைத்தேன்: தெருவிலும் மன்றத்திலும் கிடக்கிற பழைய மணலை அகற்றிவிட்டுப் புது மணல் பரப்பச் சொல்கிறான். முத்துமாலைக்கும் மாடத்துக் கொடிக்கும் நடுவே, ஒரு காப்பியத்தின் முதல் காதையில், இப்படி ஒரு சுகாதாரப் பிரிவு வேலை! காலில் ஒட்டிய அழுக்கு மணலை ஒருநாளாவது கண்டு முகம் சுளித்தவர்தான் இதை எழுதிய சாத்தனார். இல்லாவிட்டால் இது எப்படி நினைவுக்கு வரும்? அந்த மணலை அள்ளியவர் யார், கூலி என்ன, அள்ளியதை எங்கே கொட்டினார்கள் என்று காப்பியம் சொல்லவில்லை. இன்றைக்கு என்றால் ஒப்பந்தப்புள்ளி கோரியிருப்பார்கள்; மணலுக்குள் வேறு கதைகளும் கிடந்திருக்கும்.

முரசறைகிறவன் இன்னும் முடிக்கவில்லை. சிவன் கோயில் தொடங்கிச் சதுக்கப் பூதம் வரை எந்தெந்தத் தெய்வத்துக்கு எது முறையோ அதை அறிந்தவர்கள் செய்யட்டும் என்கிறான். நல்ல உரை சொல்லத் தெரிந்தவர்கள் பந்தலுக்கும் பொதியிலுக்கும் வாருங்கள் என்கிறான். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதாடட்டும் என்கிறான். வாதாடச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்கிறான்: உங்களுக்கு ஆகாதவர்கள் எதிரே வந்தாலும் சினந்து சண்டை வளர்க்காமல் விலகிப் போய்விடுங்கள். எத்தனை நாளைக்கு? இருபத்தெட்டு நாள். மணல் குன்றிலும் சோலையிலும் ஆற்றிடைத் திட்டிலும் துறையிலும் தேவரும் மனிதரும் கலந்து திரிகிற நாட்களாம் அவை. பக்கத்தில் நடப்பவர் தேவராகவும் இருக்கலாம் என்றால் நாமும் கொஞ்சம் நாவை அடக்குவோம் அல்லவா? நெரிசலில் பர்ஸ் ஜாக்கிரதை என்று ஒலிபெருக்கியில் கத்துவதை விட இது நல்ல உபாயமாகவே படுகிறது. பசியும் பிணியும் பகையும் ஒழிந்து மழையும் வளமும் பெருகட்டும் என்று வாழ்த்திவிட்டுத்தான் அவன் முடிக்கிறான்.

உ.வே.சா. இந்த நூலை 1898இல் பதிப்பித்தார். அதைப் படிக்கிறவர்கள் துறவு, ஊழ், அமுதசுரபி என்று போய்விடுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது ஓர் அறிவிப்பின் கதை. பின்னால் ஓரிடத்தில், கடலில் மகனைத் தொலைத்த சோழ மன்னன் தேடித் தவித்து, அந்தத் துயரத்தில் இந்திர விழாவை எடுக்க மறந்துவிடுகிறான். தெய்வம் சினக்கிறது, கடல் புகாரைக் கொள்கிறது. அந்த வருடம் யானை புறப்படவில்லை, யாரும் மணலை மாற்றச் சொல்லவில்லை, ஊர் போய்விட்டது. பாவம், அவன் மகனைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் மறந்தால் நினைவுபடுத்த அந்த அரண்மனையில் ஓர் எழுத்தர்கூடவா இல்லை?

தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கத்து அறிவிப்புகள் மோசமில்லை. வைகை அணையை 1959இல் திறந்தார்கள். முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆண்டிபட்டிக்காரர், சோழவந்தான்காரர், மானாமதுரைக்காரர் எவரிடம் கேட்டாலும் இந்த எண்களைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். மூன்றாவது எச்சரிக்கை என்றால் மோட்டாரைக் கழற்று, மாட்டை மேட்டுக்கு ஓட்டு. அடிக்கணக்கு அவர்களுடைய கைகால்களுக்கு நேராகப் புரிகிறது. சென்னையில் கதை வேறு. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கன அடி என்பது பொறியாளருக்குச் சரியான அளவுதான். அடையாற்றங்கரையில் தரைத்தளத்தில் படுத்திருப்பவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எப்படித் தெரியும்? அவர் கேட்பது ஒன்றே: என் கட்டில் நனையுமா? அதற்குப் பதில் சொல்லாத எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அறிவிப்பு ஆகாது.

சின்ன வயதில் எங்கள் ஊரில் தமுக்கு அடிக்கிறவர் அதற்குப் பதில் சொல்லிவிடுவார். தெருமுனையில் வந்து நிற்பார். நாலு தட்டு. அடுப்படியில் இருப்பவர்கள் வாசலுக்கு வரும்வரை காத்திருப்பார். பிறகு கட்டைக் குரலில், "நாளைக் காலையில கண்மா மடை தொறக்குறாக... வாய்க்காப் பக்கம் ஆடு மாடு பத்திக்கிட்டுப் போகாதீக... புள்ளைகளை விட்டுறாதீக..." என்பார். பிரசிடெண்டு பேரோ, தீர்மான எண்ணோ அதில் வராது. யாராவது சந்தேகம் கேட்டால் இன்னொரு தரம் சொல்வார். நாங்கள் பொடியன்கள் அவர் பின்னாலேயே போவோம். கடைசித் தெருவுக்கு வரும்போது எங்களுக்கும் அது மனப்பாடம் ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் ஏக்கப் பெருமூச்சு விட்டு நிறுத்திக்கொள்வது எளிது. விடமாட்டேன். அவருக்குத் தண்ணீர் கொடுத்தது சொம்பில் அல்ல, குவித்த கையில். மடை திறப்பதை முடிவு செய்த திண்ணையில் அவர் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் சேதி சொன்ன குரலுக்கு அந்தச் சேதியில் ஒரு சொல்லைக்கூட மாற்றும் உரிமை இருந்ததில்லை. மணிமேகலையின் முரசறைபவனும் வழிவழிக் குடியில் பிறந்தவன்தான் என்பதை மேலே நான் ரசித்து எழுதிக்கொண்டு போனேனே, அதே சங்கதி. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். இத்தனை தாமதமாக வந்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது.

தமுக்கை அடித்த தெருவிலிருந்து ஒருவர் ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு வரலாம் என்று சட்டம் சொன்னபோது மதுரை மாவட்டத்தில் நடந்தது நாடறிந்தது. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996இலிருந்து பத்து வருடம் தேர்தல் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. வேட்புமனு போட ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. மாவட்டப் பக்கத்தில் அது ஒரு சடங்குச் செய்தி ஆகிவிட்டிருந்தது. 2006இல், உதயச்சந்திரன் ஆட்சியராக இருந்தபோது, தேர்தல் ஒழுங்காக நடந்து வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள். 2021 காந்தி ஜெயந்தி அன்று பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். அதை முதல் பக்கத்தில் போட்டார்கள். நியாயம்தான்.

கிராம சபை முன்பு வருடத்துக்கு நான்கு தரம். 2022இல் மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். மாநிலத்தில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகள். அத்தனை ஊரிலும் ஒரே நாளில் யாரோ ஒருவர் எழுந்து தெருவிளக்கைப் பற்றிக் கேட்பதை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

நான் இப்போது இருப்பது நகரத்தின் விளிம்பு. இங்கே அறிவிப்பு ஆட்டோவில் வருகிறது. பதிவு செய்த பெண் குரல், நல்ல உச்சரிப்பு. ஒரே குறை, ஆட்டோ நிற்பதில்லை. போகிற போக்கில் சொல்லிக்கொண்டு போவதால் வாக்கியம் தெருவாரியாகப் பிரிந்துவிடுகிறது. போன வாரம் எங்கள் தெருவுக்குக் கிடைத்தது, "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு, வருகிற செவ்வாய்க்கிழமை". எதிர்வீட்டு அக்கா உடனே மேலத்தெருவில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார்கள். அங்கே "சமுதாயக் கூடத்தில் சிறப்பு முகாம் நடைபெறும், அனைவரும் பயன்பெறுமாறு" என்பது கேட்டிருக்கிறது. எந்த முகாம் என்பது நடுவே லாரி ஒன்று ஹாரன் அடித்த இடத்தில் போய்விட்டது. கண் சிகிச்சை என்றார் பால்காரர். வரி பாக்கி வசூல் என்றார் இஸ்திரி போடுகிறவர். நாய்க்குத் தடுப்பூசி என்று மாடி வீட்டுப் பையன் சத்தியம் செய்தான். கடைசியில் அக்காதான் தீர்த்து வைத்தார்கள்: "எதுவா இருந்தா என்ன தம்பி, ஆதார் கார்டையும் வரி ரசீதையும் எடுத்துக்கிட்டுப் போவோம். நாயையும் கூட்டிக்கிட்டா வம்பில்லை."