தேரி நாட்டுத் தோட்டங்கள்

வீட்டுத் தோட்டம் என்றதும் நம்மவர்களில் பலர் பச்சைப் பசேலென்ற புல்தரையையும், அதன் ஓரத்தில் ரோஜாத் தொட்டிகளையும் மனத்தில் வரைந்து கொள்கிறார்கள். குளிர்ந்த தேசத்து மழைக்கும் மண்ணுக்கும் ஏற்பட்ட அந்தச் சித்திரத்தை, சித்திரை வெயில் கொளுத்தும் நம் முற்றத்தில் ஒட்டவைக்கப் பார்க்கிறோம். புல் கருகுகிறது, கிணறு வற்றுகிறது. "நம் ஊர் மண் சரியில்லை" என்று பழியை மண்ணின் தலையில் போட்டு விடுகிறோம். மண் சரியாகத்தான் இருக்கிறது என்பதை அறிய விரும்புவோர் ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் பிரயாணம் செய்யவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு வேறு உலகங்களை அங்கே காணலாம்.

முதல் உலகம் தாமிரபருணி படைத்தது. அந்நதியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்பி, வயலையும் வாழையையும் வளர்க்கின்றன. கடலை நெருங்கினால் ஆத்தூர். புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையின் ஊர். கொடிக்காலுக்குள் நுழைந்தால் உச்சிப் பொழுதிலும் உடல் குளிர்கிறது. வரிசையாக அகத்தி, அதைத் தழுவி ஏறும் வெற்றிலைக் கொடி, நடுவே ஓடும் நீர். அகத்தி கொடிக்குக் கொழுகொம்பாகிறது, நிழலாகிறது. அதன் கீரை மனிதருக்கும் ஆட்டுக்கும் உணவாகிறது. ஒரு மரத்திடம் மூன்று வேலை வாங்கும் சாமர்த்தியம் இது.

இங்கிருந்து தெற்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றால் பச்சை மறைந்து, பூமி செக்கச் செவேலென்று ஆகிறது. இதுதான் தேரி. காற்று கொண்டுவந்து குவித்த மணல் மேடுகள் இவை. மணலில் படிந்துள்ள இரும்புத் துருவே இந்தச் சிவப்புக்குக் காரணம். குதிரைமொழித் தேரியின் மேல் நின்று பார்த்தால், குடை பிடித்தாற்போன்ற உடை மரங்களும், முந்திரியும், எல்லையில்லாத பனையுமே கண்ணில் படுகின்றன. இப்பாலைக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலில் தெளிந்த நீர்ச்சுனை ஒன்று இருப்பது வருவோரை வியப்பில் ஆழ்த்துகிறது. உண்மையில் வியப்பில்லை. மழை நீரை ஓடவிடாமல் உறிஞ்சி, அடியிலே சேர்த்து வைப்பது மணலின் குணம்.

இந்த ஜில்லாவில் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை ஏறக்குறைய 65 சென்டிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டிவிடுகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. ஆடியில் இங்கு வீசுவது மழையற்ற வறண்ட காற்று. அது மணலையே வாரிக்கொண்டு போகும், விதை எம்மாத்திரம்! கிணறு உள்ளவர்கள் ஆடியில் விதைக்கலாம். வானத்தை நம்பியவர்கள் புரட்டாசி வரை பொறுத்திருக்கிறார்கள்.

தேரி ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் எழுபது வயதான ஆச்சி ஒருவரின் தோட்டத்தை நாம் பார்த்தோம். பத்து சென்டு நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, காற்று அடிக்கும் பக்கத்தில் மட்டும் பனைமட்டை அடைப்பு. குளத்துக் கரம்பை மண்ணும் சாணமும் கலந்து, செடி வைக்கும் குழிகளில் மட்டும் இட்டிருந்தார். நிலம் முழுவதும் உரமிட்டால் மணல் அத்தனையையும் விழுங்கிவிடுமாம். பாத்திகள் மேடாக இல்லை. தரைக்குக் கீழே ஒரு சாண் தாழ்ந்திருந்தன. பாத்தியின் மேல் சருகு மூடாக்கு. அடியில் துளையிட்டுத் திரி செருகிய பழைய பானைகள் புடலைக்கும் பீர்க்குக்கும் இடையே கழுத்தளவு புதைந்திருந்தன. பாத்திரம் கழுவிய நீர் நேரே வாழைக்குப் போயிற்று. முருங்கை, கறிவேப்பிலை, சுண்டை, அவரை—சந்தைக்குப் போகாமல் ஒரு குடும்பம் குழம்பு வைப்பதற்கு வேண்டிய அனைத்தும் அங்கே இருந்தன. வடபுறத்துப் பாத்தியில் பனங்கொட்டைகள் புதைந்து கிடந்தன, பொங்கலுக்குக் கிழங்காகும்.

பேச்சு 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருமழைக்குத் திரும்பியது. அம்மாதம் 17, 18 தேதிகளில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஆண்டு முழுதும் பெய்யவேண்டியதற்கும் மேலான மழை! ஆற்றங்கரை ஊர்களும் வாழைத் தோட்டங்களும் வெள்ளத்தில் மூழ்கின.

"பாத்தி எல்லாம் போச்சு, ஐயா. முருங்கை முறிஞ்சி விழுந்துட்டு. பனை மட்டும் அசையல" என்றார் ஆச்சி.

"பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"முறிஞ்ச கொம்பை வெட்டி நட்டேன். அதுதான் நீங்க சாஞ்சி நிக்கிய மரம்."

நாம் நிமிர்ந்து பார்த்தோம். கொத்துக் கொத்தாகக் காய்கள் தொங்கின.

ஆயினும் இந்த நாட்டுக்குக் கவலை இல்லாமல் இல்லை. கடலோர மணலுக்கு அடியில் நல்ல நீர், உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. திருச்செந்தூரில் கடலருகே நாழிக்கிணறு இனிக்கும் இரகசியம் இதுவே. ஆழ்துளைக் குழாய் இறக்கி அளவுக்கு மீறி நீரை இறைத்தால், நல்ல நீர் குறைந்து கடல் உள்ளே வருகிறது. உப்பேறிய கிணறு எளிதில் மீளாது. பனையும் அப்படியே. நட்டவர் பேரன் காலம் வரை பயன் தரும் மரம் செங்கல் சூளையில் ஒரு பகலில் சாம்பலாகிறது. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் சர்க்கார் அறிவித்தது நல்ல காரியம். ஆனால் பனை ஏறுவோர் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு மரத்தில் ஏறிப் பதநீர் இறக்காது. கருப்பட்டியை உண்மை விலை கொடுத்து வாங்கும் வீடுகள் பெருகினால்தான் அந்தத் தொழில் நிலைக்கும்.

நேயர்கள் தத்தம் ஊரில் தோட்டம் போடுமுன் நர்ஸரிக் கடைக்குச் செல்லவேண்டாம். முதலில் தெருக் கோடியில் யாரும் நீர் ஊற்றாமல் தழைத்து நிற்கும் மரம் எது என்று பாருங்கள். மழை எந்த மாதம் வருகிறது, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று அடுத்த வீட்டு முதியவரைக் கேளுங்கள். ஆத்தூரில் அகத்தி, தேரியில் முருங்கை. உங்கள் ஊருக்கும் ஒன்று நிச்சயம் இருக்கும். சொந்த மண்ணின் இயல்பை அறிந்து அதற்குத் தக வாழ்வதும் சுதேசியத்தில் ஒரு பகுதிதான். அதைக் கொல்லைப்புறத்திலிருந்தே தொடங்கலாம். வருகிற புரட்டாசியிலேயே தொடங்கலாம்.