செலவும் வரவும்

விழா மலர்க் குழுவினர் நம்மிடம் வேண்டியது கல்லூரித் தமிழ் மன்றத்தின் வரலாற்றை. அதனை நம்மினும் மூத்தோர் எழுதுவதே முறை. நாம் இக்கல்லூரியிற் பதினோராண்டு கற்றும், பின்னர்ப் பயிற்றப்பட்ட தமிழாசிரியராய் மீண்டு வந்து விடுதிச்சாலையிற் பல்லாண்டு தங்கியும் கண்டவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு எழுதத் துணிகின்றோம். அது உதைபந்தாட்டத்தைப் பற்றியது. தமிழ் வாத்தியாருக்கு உதைபந்தாட்டத்தில் என்ன வேலை என்று கேட்பார் கேட்கட்டும். நமது மைதானத்து வேலியோரம் நின்று தொண்டை கட்டக் கத்தியவர்களுள் தமிழ் வாத்திமார் ஒருநாளும் பின்னின்றாரல்லர்.

2005 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி இஸ்தான்புல் நகரில் ஐரோப்பியக் கழகங்களின் இறுதியாட்டம் நடைபெற்றது. நாம் அப்போது ஆசிரிய கலாசாலை மாணவர். நம் நாட்டில் நள்ளிரவு கழிந்துவிட்டது. முதற் பாதியில் மிலான் கழகம் மூன்று கோல் பெற்றிருந்தது, லிவர்பூலுக்கு ஒன்றுமில்லை. உடனிருந்து பார்த்தோர் பலர் கொட்டாவி விட்டுப் படுக்கைக்குச் சென்றனர். எஞ்சிய நால்வருள் நாம் ஒருவர். இரண்டாம் பாதியில் ஆறு நிமிடத்துள் லிவர்பூல் மூன்று கோலையுந் திருப்பிக் கொடுத்து, ஈற்றில் தண்ட உதையில் வென்றது. கண்ணாற் கண்டிராத ஓர் ஊரின் மீது அன்றிரவு பிடித்த பித்து இன்றும் முற்றாகத் தெளியவில்லை.

இரண்டாண்டு கழிந்து பெர்னாண்டோ ரொரஸ் என்னும் ஸ்பானிய இளைஞர் அத்லெட்டிக்கோ மாட்ரிட் கழகத்திலிருந்து லிவர்பூலுக்கு வந்தார். பழைய கழகத்துக்குத் தலைவராய் அவர் ஆடிய காலத்தில் ஒருமுறை ஆட்டத்திடையே கைப்பட்டி அவிழ்ந்துவிட, அதன் உட்புறத்தில் லிவர்பூல் அபிமானிகளின் பாட்டையொட்டிய ஆங்கில வாசகம் தெரிந்தது. தனித்து நடத்தல் என்பது நமக்கில்லை என்பது அதன் பொருள். இது போதாதா? பெண்வீட்டாரின் குலதெய்வப் பெயரை மாப்பிள்ளை முன்னரே கையிற் பச்சை குத்தியிருந்தாற்போல லிவர்பூல் ஊரார் மகிழ்ந்தனர். வந்த முதலாண்டே லீக் ஆட்டங்களில் 24 கோல் பெற்றார். 2008 ஆம் ஆண்டு யூன் மாதம் வியன்னாவில் ஜேர்மனியை வென்று ஸ்பெயின் ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றபோது, அவ்வாட்டத்தின் ஒரே கோலும் அவருடையதே.

நிற்க. ரொரஸ் எந்நாளும் ஒரு தன்மையராய் ஆடியவரல்லர். தொடைத் தசையும் முழங்காலும் அவரை ஓயாது வருத்தின. 2010 ஆம் ஆண்டில் மட்டும் முழங்காலில் இருமுறை சத்திரசிகிச்சை நடந்தது. அவ்வாண்டு உலகக் கிண்ணத்தை ஸ்பெயின் வென்றது. அவர் ஒரு கோலும் பெறவில்லை. அடுத்து வந்த மாதங்களில் லிவர்பூல் கழகமே கடனில் ஆழ்ந்து, உரிமையாளர் மாறி, நிரலின் அடியிற் கிடந்தது. ரொரஸ் சில ஆட்டங்களிற் காலிழுத்து நடந்தார், கையை விரித்தார், தலை குனிந்தார். பின் திடீரென நவம்பர் மாதம் 7 ஆந் திகதி செல்சிக் கழகத்துக்கெதிராக முதற் பாதியிலேயே இரண்டு கோல் பெற்றார். அடுத்த கிழமை மீண்டும் பழைய கதை.

இத்தகைய ஆட்டக்காரரைச் சகித்தல் அரிது. வகுப்பிலும் இதனைக் காண்கின்றோம். தவணைதோறும் நாற்பத்தைந்து புள்ளி பெறும் பிள்ளையின் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. முதற் தவணையில் எண்பதும் இரண்டாந் தவணையில் முப்பதும் பெறுவோனின் தாளிலேதான் சிவப்பு மையை அள்ளி இறைக்கின்றோம். எண்பதை ஒருமுறை காட்டியது அவன் செய்த குற்றமாகிவிடுகின்றது.

விடுதியில் அப்போது பிள்ளைகள் நிறைந்திருந்தனர். போர் முடிந்து இரண்டாண்டு ஆகவில்லை. வன்னியிலிருந்து வந்தோர் பலர். படிப்பில் ஓரிரண்டு ஆண்டுகளை இழந்தோர் சிலர். உணவு மண்டபத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும், கூரைமேல் தட்டு அன்ரெனா ஒன்றும் புதிதாய் வந்திருந்தன. சனி ஞாயிறு இரவுகளில் இரவுணவு முடிந்ததும் வாங்குகளை இழுத்துப் போட்டு ஆட்டம் பார்ப்பது வழக்கம். ரொரஸ் பந்தைத் தவறவிடுந்தோறும், "அவனை வெளியிலை எடு!", "வித்துத் துலையுங்கோவன்!" என்று மண்டபம் அதிரும். அவ்வொலியில் நமது குரலும் கலந்திருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

2011 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி காலை, நாம் பல் துலக்கிக்கொண்டு நிற்கையில், மாணவனொருவன் ஓடிவந்தான்.

"சேர், ரொரஸ் செல்சிக்குப் போயிட்டான்!"

முதல்நாள் இரவு, வீரர்களை மாற்றிக்கொள்வதற்குரிய காலக்கெடு முடியுந் தறுவாயில், 50 மில்லியன் பவுணுக்கு அவரைச் செல்சி வாங்கியிருந்தது. பிரித்தானியக் கழகமொன்று ஓர் ஆட்டக்காரருக்காக அதுவரை கொடுத்திராத தொகை அது. தம்மைப் போகவிடுமாறு அவரே எழுத்தில் வேண்டியிருந்தார் என்பதுதான் அபிமானிகளின் நெஞ்சிற் தைத்தது. லிவர்பூலில் அவருடைய 9 ஆம் இலக்கச் சட்டையை எரிக்கின்ற படம் பத்திரிகைகளில் வந்தது. படத்தைக் கண்ட நம் பிள்ளைகளும் எரிப்பதற்குச் சட்டை தேடினர். விடுதி முழுவதிலும் அத்தகைய சட்டை ஒன்றே ஒன்றுதான் உண்டு. பதினோராந் தர வகுப்பு முடித்துப் பரீட்சைப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த ஒருவனுக்கு இலண்டனிலுள்ள சிற்றப்பன் அனுப்பியது. அவன் நமது கல்லூரிக் குழுவில் வலப்புற முன்வரிசை ஆட்டக்காரன். பரீட்சை எழுதி முடித்தும், அவ்வாண்டுப் போட்டிகளுக்காக விடுதியில் நிறுத்தி வைத்திருந்தோம். அவன் சட்டையைக் கொடுக்க மறுத்தான்.

"அது என்ரை சட்டை, சேர்" என்றான், வேறொன்றுஞ் சொன்னானல்லன்.

பிள்ளைகள் அவனைத் திட்டிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த ரொரஸின் படத்தைக் கிழித்து, சமையற்கட்டு அடுப்பில் இட்டனர். தடுக்க வேண்டிய நாம் வாயிலில் நின்று பார்த்தோம். விடுதிச் சமையற்காரர் முப்பதாண்டாகக் கல்லூரிக்கு உணவு சமைத்தவர். உதைபந்தாட்டத்தின் விதியொன்றும் அறியார். பானையை இறக்கி வைத்துவிட்டு நம்மைப் பார்த்துச் சொன்னார்:

"மாஸ்ரர், போறவனை இவ்வளவு ஏசிறியள். இருக்கேக்கை என்ன சொன்னனீங்கள்? கிழமைக்குக் கிழமை வித்துத் துலையுங்கோ எண்டுதானே கத்தினனீங்கள்? இப்ப வித்துப்போட்டாங்கள். பிறகென்ன?"

நாம் மறுமொழி சொன்னோமல்லோம். சோறு ஆறுகின்றது என்று பிள்ளைகளைப் பந்திக்கு அனுப்பினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, பெப்ரவரி 6 ஆந் திகதி, ரொரஸ் நீலச் சட்டை அணிந்து ஆடிய முதலாட்டம் நடந்தது. விதியின் விளையாட்டு என்றே சொல்லவேண்டும். எதிரே நின்றது லிவர்பூல். காட்டிக்கொடுப்போன் எந்நாளுந் தனித்தே நடப்பான் என்று பொருள்படப் பதாகையொன்றை அபிமானிகள் உயர்த்திப் பிடித்திருந்தனர். கைப்பட்டியின் வாசகத்தைக் கவிழ்த்து அவர் தலையிலேயே கொட்டிய அந்தச் சொல்வன்மையைத் தமிழாசிரியர் என்ற முறையில் வியந்தோம். முதற் பாதியில் அவர் கோலை நோக்கி உதைக்கக் கால் ஓங்கியபோது, பழைய தோழர் கரகர் குறுக்கே பாய்ந்து மறித்தார். இரண்டாம் பாதியின் நடுவில் ரொரஸ் வெளியே அழைக்கப்பட்டார். அவர் போய் அமர்ந்த சில நிமிடங்களில் மெய்ரெலெஸ் கோல் பெற, லிவர்பூல் ஒன்றுக்குப் பூச்சியமாக வென்றது. விடுதிப் பிள்ளைகள் கோப்பைகளைத் தட்டி ஆரவாரித்தனர். சட்டைக்காரன் ஒருவனே எழுந்து போய்ப் படுத்துவிட்டான்.

இவ்விடத்து இலக்கணம் ஒன்று நினைவுக்கு வருகின்றது, வாசகர் பொறுத்தருள்க. வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்பது தொல்காப்பியர் கண்ட மரபு. 2007 இல் ரொரஸ் லிவர்பூலுக்கு "வந்தார்" என்றோம். மாட்ரிட்டில் அவரைச் சிறுவயது முதல் வளர்த்தோருக்கு அவர் "சென்றார்". அன்று மாட்ரிட்டார் எப்படி அழுதனர் என்று நாம் ஒருவரும் எண்ணிப் பார்த்தோமல்லோம். வினைமுற்று மாறியபோதுதான் நமக்குத் துரோகம் என்னும் சொல் வாயில் வந்தது.

அவ்வாண்டு சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்தது. நமது வலப்புற ஆட்டக்காரன் நன்றாகவே சித்தியெய்தினான். இரு கிழமை கழித்து விடுகைப் பத்திரம் வேண்டிக் காரியாலயத்துக்கு வந்தான். உயர்தரம் படிக்க அயற் கல்லூரிக்குப் போகின்றானாம். எந்தக் கல்லூரி என்று சொல்லமாட்டோம். பழைய மாணவர் எவருக்கும் சொல்லவும் வேண்டியதில்லை.

அவனுடைய ஆட்டம் எத்தகையது என்பதையுங் கூறல் வேண்டும். ஒருநாள் மூவரைக் கடந்து சென்று மூலையிலிருந்து கோல் அடிப்பான். மறுநாள் தன் காலிற் தானே இடறி விழுவான். முந்திய பருவத்தில் அவனை மூன்று ஆட்டங்களில் வாங்கில் இருத்தினோம். "இந்தப் பெடியனை நம்பேலாது" என்று பொறுப்பாசிரியரிடம் சொன்னவர் வேறெவருமல்லர், நாமே. அது அவன் காதில் விழும் தூரத்திற் சொன்னது என்பதும் நினைவிருக்கின்றது.

வகுப்பாசிரியர் விடுப்பிலிருந்தமையால் பத்திரத்தை நிரப்பும் பணி நம்மிடம் வந்தது. விளையாட்டு என்னும் கூட்டில் என்ன எழுதுவது? கல்லூரியின் முதலாங் குழுவில் ஈராண்டு ஆடியவன். மாவட்டப் போட்டியிற் கோல் பெற்றவன். பேனையை எடுத்து, "உதைபந்தாட்டத்தில் ஈடுபாடுடையவர்" என்று எழுதினோம். அவ்வளவே. பொய் ஒன்றுமில்லை. ஆனால் மைதானத்தைச் சுற்றி நடக்கின்ற எந்தப் பிள்ளைக்கும் எழுதத்தக்க வாக்கியம் அது. அவன் வாசித்தான். நம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். "நன்றி, சேர்" என்று சொல்லிப் போனான். "நீர் ஏன் போகின்றீர்?" என்று ஒரு சொற் கேட்டோமல்லோம். தந்தையை இழந்த குடும்பம் என்பதும், தாய் தம்பியருடன் மாமன் வீட்டில் ஒதுங்கியிருந்தார் என்பதும், அவ்வீடு அயற் கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது என்பதும், விடுதிக் கட்டணம் மிச்சப்பட்டது என்பதும் நாம் பின்னாளில் அறிந்தவை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பான்.

அடுத்த ஆண்டு இரு கல்லூரிகளும் மோதின. அவன் அவர்களுடைய சட்டையில் வந்தான். நம் மாணவர் வேலிக்கு வெளியே நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூவினர். ஒரு தருணம் கோல் காவலனும் விழுந்து கிடக்க, வெறுங் கோலுக்கு முன் பந்து அவன் காலடிக்கு வந்தது. வானத்துக்கு உதைத்தான். நம் பக்கம் சிரிப்பு வெடித்தது. நாமுஞ் சிரித்தோம்.

ரொரஸின் கதையும் ஏறத்தாழ அவ்வாறே நடந்தது. செல்சியில் முதற் கோல் பெற அவருக்கு நெடுநேர ஆட்டம் வேண்டியிருந்தது. 2011 செப்டெம்பரில் மான்செஸ்டர் யுனைற்றெட்டுக்கு எதிராக அழகிய கோலொன்று பெற்று, அதே ஆட்டத்திற் கோல் காவலனைக் கடந்த பின் வெறுங் கோலைத் தவறவிட்டார். உலகமே சிரித்தது. 2012 ஏப்ரிலில் பார்சலோனாவின் திடலில், ஆட்டம் முடியுந் தறுவாயில் தனியே அரைத் திடலையும் ஓடிக் கடந்து, காவலனைச் சுற்றி வந்து, கோலடித்துச் செல்சியை இறுதியாட்டத்துக்கு அனுப்பியவரும் அவரே. அந்த நெடிய ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏசுவதற்கு ஆயத்தமாயிருந்த நம் வாய், நம்மையறியாமலே "ஓடு, ஓடு" என்றது.

2015 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29 ஆந் திகதி, லிவர்பூல் தலைவர் ஜெராட்டைச் சிறப்பித்து, தருமத்துக்காக ஆன்பீல்ட் திடலில் ஓர் ஆட்டம் நடைபெற்றது. ரொரஸும் அழைக்கப்பட்டிருந்தார். அவர் மாற்று வீரராய்த் திடலுக்குள் அடிவைத்தபோது என்ன நேருமோ என்று நாம் வாங்கின் நுனியில் இருந்தோம். சட்டையை எரித்த ஊர் கைதட்டி வரவேற்றது. அவருக்குரிய பழைய பாட்டைப் பாடினார்கள். அவர் அன்று கோல் பெற்றாரல்லர். அதனை ஒருவரும் பொருட்படுத்தவுமில்லை. விடுதி மண்டபத்தில் அப்போதிருந்த பிள்ளைகள் புதியவர்கள். இவருக்கு ஏன் இத்தனை கைதட்டல் என்று கேட்டனர். சொல்லத் தொடங்கினோம்; சட்டையைக் கொடுக்க மறுத்தவனிடத்து வந்ததும் நிறுத்திக்கொண்டோம்.

அந்தப் பிள்ளை இன்று பொறியியலாளர். இவ்வாண்டு நமது பழைய மாணவர் சங்கத்துக்கு அவருடைய அங்கத்துவ விண்ணப்பம் வந்தது. ஆறாந் தரம் முதற் பதினோராந் தரம் வரை நம்மிடம் படித்தவர். சங்க யாப்பின்படி தடையேதுமில்லை. ஆயினும் செயற்குழுவில் ஒருவர், "இவர் அங்கை போனவரெல்லோ?" என்றார். இன்னொருவர் அந்த வெறுங் கோலை நினைவூட்ட, எல்லோருஞ் சிரித்தனர். நாம் சிரித்திலேம். முன்மொழிபவர் என்னும் கூடு வெறுமையாயிருந்தது. தாளை வாங்கிக் கையொப்பமிட்டோம். கீழே, விண்ணப்பதாரரின் விளையாட்டுத் திறமைகள் என்னுங் கூட்டில் அவர் தாமே எழுதியிருந்தார்: "உதைபந்தாட்டத்தில் ஈடுபாடுடையவர்."

நாம் அவ்வரியின் கீழ், "கல்லூரி முதலாங் குழு, ஈராண்டு. மாவட்டப் போட்டியிற் கோல் பெற்றவர்" என்று எழுதி, நமது சுருக்கொப்பத்தையும் இட்டோம்.

விழாவை முன்னிட்டு நடைபெறவுள்ள பழைய மாணவர் ஆட்டத்துக்குரிய பெயர்ப்பட்டியல் நேற்று வந்தது. வலப்புற முன்வரிசையில் அவர் பெயர் இருக்கின்றது. பந்து காலுக்கு வந்தால் என்ன செய்வார் என்பதை அன்றும் அறிந்திலேம்; இன்றும் அறியோம். வேலியோரத்தில் நிற்போம்.