40 மில்லிமீட்டர் போதும்



நகரத்துக்குப் பிழைக்க வந்த நம்மில் பலர் இந்நாட்களில் நான்கு சக்கர வண்டி வைத்திருக்கிறோம். எஸ்.யூ.வி. வகை வண்டி வாங்கியவர்களை "லிஃப்ட்" என்னும் சொல் விடாமல் பின்தொடருகிறது. சஸ்பென்ஷனை மாற்றி, வண்டியின் உடலைத் தரையிலிருந்து உயர்த்துவதே அது. சிலர் அழகுக்காக அதை விரும்புகிறார்கள். சிலருக்கு அவர்கள் போகும் பாதையே அதைக் கேட்கிறது. எவ்வளவு உயர்த்துவது என்பதைத் தீர்மானிப்பது எது? நான் செய்ததைக் கொண்டு இதைக்குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் புனேயில் குடியிருக்கிறேன். மலைக்கிராமங்களில் சூரியமின் பம்புகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். வாரத்தில் இரண்டு நாட்கள் முல்சி வட்டத்துக்குச் செல்லுகிறேன். தாம்ஹிணி மலைப்பாதையை ஒட்டிய அந்தப் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் ஓடைகளும் அரித்துப்போன மண்பாதைகளுமே உண்டு. என்னுடையது மாருதி சுசுகி ஜிம்னி. 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு வண்டி. பின்புறத்தில் கருவிகளும் உதிரிபாகங்களுமாக எப்போதும் ஏறக்குறைய 80 கிலோ இருக்கும். ஞாயிறுதோறும் 74 வயதான என் தாயாரும் மனைவியும் மகனும் ஆராதனைக்கு வருவதும் இதே வண்டியில்தான். பிழைப்புக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி இருக்கிறபடியால், அதன் சமநிலையில் கைவைப்பது எனக்கு விளையாட்டான காரியமல்ல.

கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் அதற்கு மேலுள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். முதலில் வெறும் வண்டியாகவும், பிறகு வழக்கமான சுமையோடும் அளவெடுங்கள். என் வண்டியில் சுமை ஏற்றியபோது பின்புறம் 25 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அடுத்து, வண்டிக்கு அடியில் உள்ள கீறல்களைப் பாருங்கள். என் வண்டியில் அவை பின்பம்பரின் அடியிலும், இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவிலுள்ள வயிற்றுப் பகுதியிலும் இருந்தன. ஓடையில் இறங்கிக் கரையேறும்போது சுமையால் தாழ்ந்த வண்டி அங்கேதான் இடித்திருக்கிறது.

இந்தச் சோதனை ஏன் முக்கியம்? ஜிம்னியின் முன்னும் பின்னும் முழு ஆக்சில்கள் இருக்கின்றன. ஸ்பிரிங்கை உயர்த்தினால் அவற்றுக்கு மேலுள்ள உடல்தான் உயரும். ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் மாத்திரமே. கம்பெனி டயர் 195/80 ஆர்15; அதன் விட்டம் கணக்கின்படி 693 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் ஏறக்குறைய 703 ஆகும். விட்டத்தில் பாதியே உயரமாகக் கிடைக்கும் என்பதால் டிஃபரன்ஷியல் வெறும் 5 மில்லிமீட்டர்தான் உயரும். உங்கள் வண்டியில் கீறல்கள் டிஃபரன்ஷியலில் இருக்குமானால், லிஃப்டுக்குக் கொடுக்கும் பணம் அதைக் காப்பாற்றாது. என் காரியத்தில் இடித்தது உடல். ஆகையால் ஸ்பிரிங்கே சரியான மருந்து.

கடைக்காரர், "75 மில்லிமீட்டர் போடுங்கள் சாஹேப், கம்பீரமாக இருக்கும்" என்றார். கம்பீரத்துக்கு நாம் செலுத்தும் விலையைக் கவனியுங்கள். எடையின் மையம் மேலே போகிறது. வளைவில் வண்டி அதிகமாய்ச் சாயும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடு, உடல் உயர உயர ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். முன்சக்கரங்களின் காஸ்டர் சாய்வு குறைவதால் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் தன்மை தளர்ந்து, வேகத்தில் வண்டி அலைபாயும். பிரேக் ஹோஸ்கள் எட்டாமல் இழுபடலாம். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உதிரிபாகம் உண்டு. ஒன்று மற்றொன்றைக் கேட்கும்.

ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் மலிவானது. ஆனால் அது உயர்த்துமே தவிர, ஸ்பிரிங்கைப் பலப்படுத்தாது. சுமைக்கு வண்டி அதே அளவு தாழும். ஆகவே 40 மில்லிமீட்டர் உயர்த்தும் ஸ்பிரிங்குகளையும் அவற்றுக்கு ஏற்ற நீளமுள்ள ஷாக் அப்சார்பர்களையும் முழு செட்டாகத் தெரிந்துகொண்டேன். பின்புறத்துக்கு, நிரந்தரச் சுமையைத் தாங்கும் நடுத்தர ஸ்பிரிங். சுமை இல்லாதவர்கள் இதைப் போட்டால் வண்டி கல்லைப்போல் குதிக்கும் என்பதை மறவாதிருங்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகையால் நான் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முதலில் எழுதினேன். தடையில்லை என்று இரு இடத்திலிருந்தும் எழுத்தில் வந்த பின்னரே பணம் கொடுத்தேன். விபத்து நேர்ந்தால் உங்கள் குடும்பத்துக்குத் துணைநிற்பது அந்தக் கடிதமே.

பொருத்தும் வேலை ஒரே நாளில் முடிந்தது. அருகில் நின்று மூன்று காரியங்களைக் கவனித்தேன். சேசிஸைத் தாங்கிகளில் நிறுத்தி ஆக்சிலை இறக்கும்போது, அதன் பாரம் பிரேக் ஹோஸிலும் ஏ.பி.எஸ். வயரிலும் தொங்கலாகாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தரையில் தன் முழுப் பாரத்தோடு நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் எந்நேரமும் திருகப்பட்டே இருந்து சீக்கிரம் கிழியும். முறுக்கும் அளவை டார்க் ரெஞ்ச் சொல்ல வேண்டும், மெக்கானிக்கின் புஜபலம் அல்ல. காஸ்டரைத் திருத்தும் புஷ்களையும் அன்றே மாற்றினார்கள். பின்பு அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டுகளைத் தாழ்த்தினோம். உயர்ந்த வண்டியின் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கும் அல்லவா? 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் அளந்தேன். ஸ்பிரிங்குகள் 5 மில்லிமீட்டர் அமர்ந்திருந்தன. போல்ட்டுகளை மீண்டும் சோதித்தோம்.

இப்போது சுமையோடு ஓடையைக் கடக்கும்போது அடியில் சத்தமில்லை. ஆனால் வளைவுகளில் முன்னிலும் நிதானமாகவே ஓட்டுகிறேன். 40 மில்லிமீட்டருக்கும் அதற்குரிய மரியாதை உண்டு.

வேலை தொடங்குமுன் என் தாயார் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "ஐயா, நான் ஏறி இறங்க முடியுமா?" முழங்கால் வலியுள்ள அவர்களுக்கு இரண்டு விரற்கடை உயரமும் மலைதான். பக்கவாட்டில் படி தொங்கவிட்டால், பெற்ற உயரத்தை அங்கே இழந்துபோவோம். எனவே உறுதியான ஒரு சிறு முக்காலியைப் பின்புறத்தில் வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளை அதை எடுத்துப் போடுகிறான். அவர்கள் அவன் தோளைப் பிடித்து ஏறுகிறார்கள். 75 மில்லிமீட்டராய் இருந்தால் அந்த முக்காலியும் போதாது.

அன்பானவர்களே, உங்கள் வண்டியை உயர்த்த விரும்பினால், அயலான் வண்டியின் உயரத்தைப் பாராதிருங்கள். உங்கள் பாதையும், உங்கள் சுமையும், உங்களோடு ஏறுகிறவர்களுமே அளவைச் சொல்லட்டும். அந்தத் தேவையை நிறைவேற்றும் மிகக்குறைந்த உயரம் எதுவோ, அதுவே நல்ல உயரம்.